மஞ்சள் கடுதாசி யாருக்கு?



கடனைக் கட்ட முடியாதவரை "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்று ஊரே ஏளனம் செய்யும். அதையே ஒரு கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் "தீர்வுத் திட்டம்". அவமானத்தைக்கூட ஆள் பார்த்துத்தான் பங்கு வைக்கிறார்கள்.

2016இல் புதிய திவால் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கான பகுதி அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமலானது. தனிமனிதர்களுக்கான பகுதியிலோ, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019இல் கதவு திறந்தது. கிரெடிட் கார்டு கடனில் மூழ்கியவருக்குச் சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் வெள்ளைக்காரன் எழுதியவை.

1920 சட்டப்படி மனு போட்டால் என்ன நடக்கும்? கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது. அதனால் அது மற்ற கடன்களோடு பட்டியலில் சேரும். திவால் என்று அறிவித்ததும் சொத்து நீதிமன்றத்தின் கைக்குப் போகும். உடுதுணி, தொழில் கருவி போன்றவற்றைத் தொட முடியாது. கடைசியில் நீதிமன்றம் விடுவித்தால், மோசடி செய்து வாங்காத கார்டு பாக்கி ஒழியும். ஆனால் குழுக்கடனில் உடன் கையெழுத்திட்ட பெண்களுக்கு அந்த விடுதலை கிடையாது. அவர்கள் கழுத்தில் கயிறு அப்படியே இருக்கும்.

விடுதலை கிடைக்கும்வரை, தான் திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே ஆறு மாதம்வரை சிறை. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அரசியல் சட்டமே தடை போடுகிறது. போராடிப் பெற்ற தனித்தொகுதி நாற்காலியில் கடன்பட்ட நம் ஆள் உட்காரக் கூடாது என்பதுதானே இதன் பொருள்?

ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மிகாத, சொந்த வீடில்லாத ஏழையின் கடனைத் தள்ளுபடி செய்ய "புதிய தொடக்கம்" என்றொரு ஏற்பாடு 2016 சட்டத்தில் இருக்கிறது. அச்சில் மட்டும்தான் இருக்கிறது. அமலுக்கு வரவில்லை.

"வாங்கினால் கட்டத்தானே வேண்டும்?" என்பார்கள். சில பேர் கட்டமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் வீட்டுக் கடனைவிடப் பல மடங்கு வட்டியைக் கார்டில் வைக்கிறார்கள். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நட்டத்துக்கான விலையை முன்கூட்டியே வசூலித்துவிட்டு, நட்டம் வந்ததும் ஏழையின் வாசலில் நின்று கத்துவது என்ன நியாயம்?

2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது. நீக்கினாலும் வசூல் தொடரும் என்கிறார்கள். சரி. அதற்காக எந்த முதலாளியின் தெருவில் நின்று ஏஜெண்டுகள் கூச்சல் போட்டார்கள்?

கடனைச் சட்டம் ஒரே அடியில் அழிக்க முடியாது என்று யாராவது சொன்னால் 1976ஐ நினைவூட்டுங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைத்தான் செய்தது. அந்தக் கடனில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. "புதிய தொடக்கம்" உடனே அமலாக வேண்டும். மாதம் 5,000 ரூபாய் என்ற வருமான வரம்பு உயர வேண்டும். திவாலானவர் தேர்தலில் நிற்கத் தடை ஒழிய வேண்டும்.

அதுவரை இதைத் தெருத்தெருவாகச் சொல்லுங்கள். கட்ட வழியில்லாமல் நிற்பது குற்றமல்ல. அந்த ஒரே காரணத்துக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்வதை ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். அது சலுகை அல்ல, 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

கடனுக்கு அஞ்சித் தூக்குக் கயிறைத் தேடும் ஒருவரையாவது அந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

ஜெய் பீம்.