எண்ணெய்க்குத் தனி அறை இல்லை

சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்தது ஃபேரர் பார்க் திடலில். ஆண்டு 1911, மார்ச் 16. ஓட்டியவர் பெல்ஜியத்தின் ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ். அக்காலச் சுழல் எஞ்சின்களில் ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள். உள்ளே உராய்வைக் குறைத்துவிட்டு, அது புகையோடு வெளியேறிவிடும்.

இன்று அதே வட்டாரத்தில் நம் ஊர்த் தம்பிமார் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் இயந்திரத்திலும் இதே கதைதான். அதன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனி அறை கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனுக்குக் காவல். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். எஞ்சின் போனது போனதுதான்.

விசாரிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது மூன்று. ஒன்று, கலவை அளவை இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். 50-க்கு 1 என்றிருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய். கார் எண்ணெய் ஆகாது. இரண்டு, கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். மூன்று, காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் காற்று குறையும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், புகை கூடும்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிப்பது நல்லது. புகை முதலில் போவது இயந்திரத்தைப் பிடித்திருப்பவரின் நெஞ்சுக்குள்தான்.