51-வது துப்பட்டாவுக்கு உரிமை இல்லை

தலைநகரின் தில்லி ஹாட்டிலோ, ஹரியாணாவின் சூரஜ்குண்ட் மேளாவிலோ கடை விரித்திருக்கும் கைவினைஞருக்குப் பேரம் பேசும் வாடிக்கையாளரிடம் அச்சமில்லை. எதையும் வாங்காமல், விலையும் கேட்காமல், புதிய வேலைப்பாடுகளை மட்டும் செல்போனில் படம்பிடித்துக்கொண்டு நகர்பவரைக் கண்டால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ராஜஸ்தான் மாநிலம் பக்ருவில் மரக்கட்டையில் செதுக்கி, நிறத்துக்கொரு கட்டையாகத் துணியில் ஒற்றியெடுத்த வடிவம், அடுத்த பருவத்திலேயே இயந்திர அச்சில் சந்தைக்கு வந்துவிடக்கூடும். இரு கட்டைகள் சேருமிடத்தில் கைப்பிசகால் விழும் சிறு விலகலைக்கூட விடாமல் நகலெடுக்கிறார்கள். கையால் செய்தது என்று நம்பவைக்க அந்தப் பிசகும் தேவைப்படுகிறது.

2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம், மிலான் நகர ஆடை அலங்கார அணிவகுப்பில் கோலாப்பூர் செருப்பை ஒத்த காலணியை, அதன் ஊரையோ நாட்டையோ குறிப்பிடாமல் காட்டியபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இந்தியக் கைவினை மரபின் தாக்கத்தில் உருவானதே அது என்று அந்நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. டிசம்பரில், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களுடன் உடன்பாடும் செய்துகொண்டது. நல்லதுதான். ஆனால், அங்கே பேச்சு நடத்த இரு அரசு நிறுவனங்கள் இருந்தன. 2019-ல் பெற்ற புவிசார் குறியீடு இருந்தது. உலகப் பத்திரிகைகளின் பார்வையும் இருந்தது. பக்ருவின் நகலை விற்பவர் மிலானில் இல்லை, அடுத்த தெருவில் இருக்கிறார். அவருக்கு எதிராகக் கைவினைஞரின் கையில் என்ன இருக்கிறது?

புவிசார் குறியீடு பெயருக்குத்தான் காவல். பெயரைச் சொல்லி வேறு சரக்கை விற்றால் 1999-ம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைகூட உண்டு. பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தச் சட்டம் பெரிதாக உதவாது. பெயரையே எடுத்துக்கொண்டாலும் வழக்குத் தொடுப்பது யார்? கோலாப்பூர் செருப்புக்காகத் தொடரப்பட்ட பொதுநல மனுவை 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனுதாரர்கள் வழக்கறிஞர்கள், குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளர்கள் அல்லர். குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் பெயரிலேயே, முடிச்சே போடாத அச்சுப் புடவைகள் விற்கப்படுவதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள்.

மரபு வடிவம் ஊருக்குப் பொது; அதன் வழக்கு வேறு. ஒருவர் தானே சிந்தித்து வரைந்த புதிய வடிவத்தின் நிலை இதைவிட மோசம். வரைந்த உடனேயே அதற்குப் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவோ கட்டணமோ தேவையில்லை. ஆனால், 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு ஒரு பொறி வைத்திருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் ஆக்கினால் அந்த உரிமை மறைந்துவிடும். கைவேலை தொழில்முறை ஆகுமா என்று கேட்கலாம். 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் விளக்கப் பிரிவு, கைமுறையையும் இயந்திர முறையையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கிறது.

2008-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில், பிரபல ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தன் வடிவங்களை நகலெடுத்தவருக்கு எதிராகச் சாதகமான உத்தரவைப் பெற்றது. அதன் ஆடைகள் 50 பிரதிகளைத் தாண்டவில்லை என்பது அதற்கு முக்கியக் காரணம். பெரும் விலைக்குச் சில ஆடைகள் மட்டும் தைப்பவருக்கு உரிமை நிலைக்கிறது. சில நூறு ரூபாய்த் துப்பட்டாவை 51 பேருக்கு விற்றால்தான் கட்டைக்கும் சாயத்துக்கும் வாங்கிய கடன் அடையும் என்றிருப்பவருக்கு, அந்த 51-வது துப்பட்டாவோடு உரிமை போகிறது. ஆலைகளை மனத்தில் வைத்து வகுத்த எண், கட்டை பிடிக்கும் கையில் வந்து விழுகிறது.

பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே என்பார்கள். தனி நபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஆனால், விண்ணப்பத்துக்கு முன் வடிவம் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது என்கிறது வடிவமைப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு. விலைபோகுமா என்று சந்தையில் வைத்துப் பார்க்காமலேயே, வரையும் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய் கட்ட எந்தக் கைவினைஞரால் முடியும்? கண்காட்சிக்கு 21-வது பிரிவில் விலக்கு உண்டு. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியாக அது இருக்க வேண்டும். காட்சிக்கு வைக்கும் முன்பே கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். மேளாவுக்கு மூட்டை கட்டும் அவசரத்தில், கொல்கத்தா அலுவலகத்துக்கு முன்னறிவிப்பு அனுப்பிவிட்டுப் புறப்படும் கைவினைஞரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டிப் பதிவு பெற்றவருக்கு நகலெடுத்தவரிடமிருந்து என்ன கிடைக்கும்? 22-வது பிரிவின்படி ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இல்லை. 2000-ல் எழுதப்பட்ட தொகை இது. அல்லது இழப்பீடும் தடையாணையும் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். பதிவே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதம் எழுப்பினால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். பக்ருவுக்கு ஜெய்ப்பூர் அருகில்தான். வழக்கறிஞர் கட்டணம்தான் எட்டாத தொலைவு.

ஆகஸ்ட் 7 கைத்தறி தினத்தன்று பாராட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. குறைகளைச் சொல்ல இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கைவினைப் பொருள் வாரியமும் 2020-ல் கலைக்கப்பட்டன. 2024 நவம்பரில் ரியாத்தில் ஏற்கப்பட்ட வடிவமைப்புச் சட்ட ஒப்பந்தம், வடிவத்தை வெளியிட்ட பின்பும் 12 மாதங்களுக்குள் பதிவு கோர இடம் தருகிறது. அதன் இறுதி ஆவணத்தில் இந்தியாவும் கையெழுத்திட்டது. அந்த அவகாசம் இந்தியச் சட்டத்துக்குள் வந்தாக வேண்டும். 50 என்ற எண் கைவேலைக்குப் பொருந்தாது என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். 50,000 ரூபாய் உச்சவரம்பும் நீங்க வேண்டும். இவற்றுக்கு நாடாளுமன்றம் திருத்தம் செய்ய வேண்டும், காலமும் ஆகும்.

ஒன்றுக்கு அதுகூடத் தேவையில்லை. இணைய விற்பனைத் தளங்களுக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், சட்ட மீறலுக்காக நீக்கப்பட்ட பொருள்களைத் திரும்பத் திரும்ப விற்க வைத்தவர்கள் யார் என்ற பதிவேட்டை அத்தளங்கள் பராமரிக்க முயல வேண்டும் என்கின்றன. எந்தெந்தச் சட்டங்கள் என்பதற்கு அங்கே மூன்று பெயர்கள் உள்ளன: பதிப்புரிமைச் சட்டம், வணிக முத்திரைச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம். வடிவமைப்புச் சட்டம் அந்த வரியில் இல்லை. புவிசார் குறியீட்டுச் சட்டமும் இல்லை. இவ்விரண்டையும் சேர்க்க நுகர்வோர் விவகார அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும்.