கைப்பேசி சிரிப்பதில்லை



ஆங்கிலம் கற்கக் கருவிகளின் துணையை நாடலாமா என்ற வினா இன்று வீட்டிலும் வகுப்பிலும் எழுகிறது. கைப்பேசி என்றாலே பெற்றோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். ஆனால் கருவி நமக்குப் புதிதன்று. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது. டில்லியின் ஆங்கிலச் செய்தியை வானொலியில் கேட்டே உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட தாத்தாமார் பாளையங்கோட்டையில் பலர் உண்டு என்று கேட்டிருக்கிறோம். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. மறு ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதுவே பல வீடுகளில் வகுப்பறை ஆயிற்று. எங்கள் பாடநூலிலேயே கியூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறது. புத்தகம் கைப்பேசியை எடு என்கிறது. வீடோ கீழே வை என்கிறது!

மாணவியராகிய நாங்கள் கருவியை விரும்புவது சோம்பலால் அன்று. அது சிரிப்பதில்லை, அதுதான் காரணம். வகுப்பில் ஒருத்தி எழுந்து 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றுவிட்டால் கடைசி பெஞ்சிலிருந்து சிரிப்பொலி கேட்கும். அதன்பின் அவள் வாய் திறக்கமாட்டாள். அதே சொல்லைக் கருவியிடம் இருபது முறை சொன்னாலும் பொறுமையாய்க் கேட்கிறது. (அந்தக் கருவியும் 'தமிழ்' என்பதை 'டமில்' என்றுதான் சொல்கிறது. நாங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்வதில்லை.)

ஆயினும் கருவி மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்து நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதி என்னும் தமிழ் அகராதியையே தந்தார். அவருக்கு ஏது கைப்பேசி? பேசிப் பழக மனிதர் இருந்தனர். அவர் முதலில் பேசிய தமிழும் கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஊரார் சிரித்து அவர் வாயை அடைத்திருந்தால் நமக்கு அந்த அகராதி ஏது? வகுப்பில் சிரிப்பு நின்றால் கருவியிடம் பழகியதைத் தோழியரிடம் துணிந்து பேசலாம்.

மற்றொரு குறையும் உண்டு. பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி, அது அப்பாவுடையது. இரவு அவர் வந்தபின் முதலில் அண்ணனுக்கு, பிறகு தம்பிக்கு. நம் முறை வரும்போது சார்ஜ் தீர்ந்திருக்கும். பெற்றோரே, பெண்பிள்ளைக்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கூடத்தில், உங்கள் கண்முன்னே என்றாலும் சரி.

அருட்சகோதரியரிடம் ஒரு விண்ணப்பம். கணினி அறையை வாரத்தில் இரண்டு நாள் ஆங்கிலம் பேசிப் பழகத் திறந்துவிடுங்கள். மதிய இடைவேளையாக இருக்கட்டும். சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் மாலையில் பேருந்தைப் பிடிக்க ஓடவேண்டும்.