‘நன்றி: கூகுள்’ என்ற ஏமாற்று போதும்

அமராவதி அணையை ஒட்டிய முதலைப் பண்ணை 1970-களிலிருந்து இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சதுப்புநில முதலைகள் வாயைப் பிளந்து வெயில் காய்கின்றன. கூப்பிடு தூரத்தில் படிக்கும் பிள்ளையின் செயல்திட்டச் சார்ட்டில் ஒட்டியிருப்பதோ அமெரிக்க அலிகேட்டர். படத்தின் குறுக்கே, படம் விற்கும் ஏதோவொரு நிறுவனத்தின் பெயர் சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. அடியில் ஸ்கெட்ச் பேனாவில் ‘நன்றி: கூகுள்’. மூலையில் சிவப்பு மையில் ‘மிக நன்று’. பள்ளிக் கண்காட்சிகளுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது புதிய காட்சியல்ல.

அந்த ‘மிக நன்று’வைத்தான் கண்டிக்கிறோம், பிள்ளையை அல்ல. கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டியதோடு சரி. எடுத்தவர் யாரோ ஒருவர், கேமராவும் கையுமாகச் சேற்றில் காத்திருந்தவர். காசு கொடுக்காமல் எடுக்காதே என்று சொல்லத்தான் நிறுவனம் குறுக்கே பெயரைப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் மதிப்பெண் போட்ட ஆசிரியர், படத்துக்கு உடையவர் என்று ஒருவர் கிடையாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிட்டார்.

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, எட்டாம் வகுப்புவரை நூற்றுக்கு 40 மதிப்பெண், செயல்திட்டம் போன்றவை அடங்கிய வளரறி மதிப்பீட்டுக்குப் போனது. பிள்ளைகள் தாமாகத் தேடி, பார்த்து, செய்து கற்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். நடந்தது வேறு. மில் ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறார். கடைக்காரர் தேடுகிறார், கடைக்காரரே தேர்ந்தெடுக்கிறார், கலர் பிரிண்டுக்குக் காசு வாங்குகிறார். பிள்ளையின் பங்கு, பசை தடவுவது. இதற்குப் பெயர் செயல்திட்டமா?

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. உண்மையில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வகுப்பறையிடம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. பாடம் நடத்தும்போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுத்தால் அது மீறல் ஆகாது என்கிறது 52-ஆம் பிரிவு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடைமீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம் அந்தச் சலுகையைத் தாராளமாகவே பொருள்கொண்டது. ஆகவே வகுப்பறைச் சுவரில் தொங்கும் சார்ட்டுக்காக யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை.

ஆனால் அதே படம் பள்ளியின் ஆண்டு மலரிலும், இணையதளத்திலும், யூடியூப் காணொளியிலும், ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ ஃபிளெக்ஸிலும் ஏறும்போது அது பாடம் நடத்துவது ஆகாது, விளம்பரம். அங்கே அந்தச் சலுகையைக் காட்டித் தப்ப முடியாது. அதோடு 57-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே தங்கும் என்கிறது அது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி எது? ‘நன்றி: இணையம்’ என்று அச்சடிக்கும் பத்திரிகைகளுக்கும் சேர்த்தே இந்தக் கேள்வி.

வெட்கம் என்னவென்றால், இது திருப்பூர் மாவட்டம். உரிமத் தாள் கையில் இல்லாமல் ஒரு கார்ட்டூன் எலியைப் பனியனில் பிரிண்ட் அடித்து ஏற்றுமதி செய்ய முடியாது என்பது இங்கே மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். பையர் கேட்பார், சரக்கு நின்றுபோகும். கம்பெனியில் கறாராகக் கடைப்பிடிக்கும் ஒன்று பள்ளிக்கூடத்தில் மட்டும் எப்படி வேண்டாத சங்கதி ஆனது?

படத்துக்குப் பஞ்சம் என்ற சாக்கும் செல்லாது. 2004-ல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில், வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதி உள்ள படங்களுக்கு மட்டுமே இடம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எடுத்தவர் பெயரும் உரிமமும் எழுதியிருக்கும். தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011-12-ல் ஊடகப் போட்டியே நடத்தி நம் ஊர்ப் படங்களை அங்கே சேர்த்திருக்கிறார்கள். கூகுள் படத் தேடலிலேயே ‘டூல்ஸ்’ பகுதியில் ‘யூசேஜ் ரைட்ஸ்’ என்று ஒரு வடிகட்டி உண்டு. அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படம் இருக்கும் பக்கத்துக்கே போய் உரிமத்தைப் படிக்க வேண்டும். ‘பிஒய்’ என்றால் பெயர் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம். ‘என்சி’ என்றால் வணிகத்துக்கு ஆகாது. ‘என்டி’ என்றால் வெட்டி ஒட்டி மாற்றியதை வெளியிடக் கூடாது. ‘முதலை’ என்று பொத்தாம்பொதுவாகத் தேடாமல் ‘குரோக்கொடைலஸ் பாலஸ்ட்ரிஸ்’ என்று அறிவியல் பெயரில் தேடினால் அலிகேட்டர் வந்து ஒட்டிக்கொள்ளாது. ஒரு பாடவேளையில் சொல்லி முடிக்கிற சங்கதி இது. இதையெல்லாம் விட எளிது, பிள்ளையைப் பண்ணைக்கு அழைத்துப்போய் செல்போனைக் கையில் கொடுப்பது.

மாநில அரசும் தன் பங்குக்குக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. நடுவண் அரசு 2013-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஏற்றது. நம் பாடநூலின் உள்பக்கத்திலோ மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பதிப்புரிமைக் குறிதான் நிற்கிறது. 1949-ல் பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கி, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிய அரசின் வழி வந்தவர்கள், மக்கள் வரிப்பணத்தில் வரைந்த ஒரு தவளைப் படத்தைப் பொதுவில் வைக்கத் தயங்குவது விசித்திரம். அமராவதி அணை எழுந்த 1950-களில் அச்சில் வெளியான நிழற்படங்களில் பதிப்புரிமைக் காலம் முடிந்தவையும் இருக்கும். அவற்றை ஸ்கேன் செய்து பிள்ளைகள் கையில் கொடுக்க எந்த அரசாணைக்காகக் காத்திருக்கிறார்கள்?

திருத்த வேண்டியவற்றை நேராகவே சொல்கிறோம். ‘நன்றி: கூகுள்’ என்று எழுதிய செயல்திட்டத்தை மாவட்டக் கல்வி அலுவலர்கள் இந்தப் பருவத்திலிருந்தே திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். எடுத்தவர் பெயர், கிடைத்த இடம், உரிமம் மூன்றுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். கலர் பிரிண்டின் பளபளப்புக்கு ஒன்றும் வேண்டாம். பள்ளிகளின் ஹைடெக் லேபில் ஆசிரியர்களுக்கு முதலில் வகுப்பெடுக்க வேண்டும். பாடநூல் படங்களுக்குத் திறந்த உரிமம் அறிவிக்க வேண்டும். முதலைப் பண்ணையின் படங்களை வனத்துறை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேலை உடனே இருக்கிறது: ஆண்டு மலர் அச்சகத்துக்குப் போகும் முன், எடுத்தவர் பெயரோ அனுமதியோ இல்லாத படம் ஒவ்வொன்றையும் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடம் வெள்ளையாகவே அச்சானாலும் சரி.