வேடமும் இயல்பும்

ஆண் ஆணாக நடப்பதும் பெண் பெண்ணாக நடப்பதும், நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது போன்ற இயற்கை என்றே நம்மில் பெரும்பாலோர் கருதுகின்றனர். அக்கருத்தைத் தமிழ் நாடக மேடை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பொய்யாக்கிவிட்டது.

1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே நாடகங்களை நடத்தினார். 'பாய்ஸ் கம்பெனி' என மக்கள் அழைத்த இத்தகைய குழுக்களில் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம் ஏற்றவனும் சிறுவனே. நாணித் தலை கவிழ்வதும் அடியை ஒடுக்கி வைப்பதும் அவனுக்குப் பாடமாயின. அச்சபையில் பயின்ற தி. க. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து, ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகத் தோன்றியவரோ கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெண்மணி.

மேடை வெளிப்படையாகக் கற்பித்ததை வீடு சொல்லாமலே கற்பிக்கிறது. உரக்கச் சிரித்த மகள் கண்டிக்கப்படுகிறாள். அழுத மகன் பொட்டைப் பிள்ளை என்று எள்ளப்படுகிறான். பத்து வயதிற்குள் இருவருக்கும் பாடம் மனப்பாடமாகிவிடுகிறது. பின்னர் அதனையே இயற்கை என்கிறோம்.

நடத்தை கற்பிக்கப்படுவதே எனில், திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தம்மை உணரும் பிள்ளைகளையும் கண்டித்துத் திருத்திவிடலாமே என்பர் சிலர். அதற்கும் மேடையே விடை கூறுகிறது. ஆண்டுக்கணக்கில் பெண் வேடம் பூண்டோர் அப்பயிற்சியினால் பெண்ணாகிவிடவில்லை. அரிதாரம் கலைத்ததும் ஆடவராகவே வீடு திரும்பினர். பயிற்சி நடையையும் குரலையும் மாற்றும். தான் யார் என்னும் உணர்வை மாற்றாது. அவ்வாறாயின், ஆண்மையை அடித்துப் புகட்டினால் மட்டும் ஒரு திருநங்கைச் சிறுமி ஆணாகிவிடுவாளா? மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சை கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பரதம் அவர் ஆசானிடம் கற்றது. பெண்மையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

சட்டம் இவ்வுண்மையை ஏற்றுள்ளது. தமிழக அரசு 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்து நாட்டிற்கு வழிகாட்டியது. தம் பாலினத்தைத் தாமே உறுதிசெய்துகொள்ளும் உரிமை திருநருக்கு உண்டென உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாதெனத் திருநர் உரிமைகளைக் காக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

ஆயினும் பள்ளி மாறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 74 விழுக்காடு. ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' பிரிவில் அது அதனினும் வெகு குறைவே. வகுப்பறை ஏளனமும் வீட்டின் புறக்கணிப்பும் அப்பிள்ளைகளைக் கல்வியிலிருந்து துரத்துகின்றன. கல்வி இழந்தோரைக் கடைத்தெருவில் கையேந்த விட்டுவிட்டு, அதனையும் அவர்தம் இயல்பென்று பழிக்கிறோம். இக்குறையைக் களைய, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிக் கையேட்டை 2021-இல் வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அதனைத் தன் இணையதளத்திலிருந்து அகற்றிக்கொண்டது. அறிஞர் ஆய்ந்து எழுதியதை ஆரவாரத்திற்கு அஞ்சி மறைப்பது கல்வித்துறைக்கு அழகன்று.

வாரியம் கண்ட தமிழகம் இதிலும் முந்திக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் திருநர் பிள்ளைகளைப் பற்றிய பாடம் கட்டாயமாகட்டும். எள்ளி நகையாடுவதைக் குறும்பென விடாது குற்றமெனக் கொள்ளும் ஒழுங்குமுறை ஒவ்வொரு பள்ளியிலும் நடைமுறைக்கு வரட்டும். நலத்திட்ட உதவி, படிப்பை இழந்தபின் தரப்படும் ஈடு மட்டுமே; அவ்விழப்பு நேராமல் காப்பதே அரசின் முதற்கடன்.