‘சும்மா’ இருந்த ஏழு ஆண்டுகள்

நம்மவர்களின் பேச்சு வழக்கில் ‘சும்மா’ என்றொரு சொல் உண்டு. பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண்ணைப் பற்றி விசாரித்தால், “இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறா” என்று பதில் வரும். விடிவதற்கு முன் எழுந்து எல்லோரும் உறங்கியபின் படுப்பவளுக்கு இச்சொல் எப்படிப் பொருந்தும் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டோடு நின்றால் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் மீண்டும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அதே சொல் நேர்முகப் பரீட்சை மேசையிலும் வந்து அமர்ந்துகொள்கிறது.

நான் 1984ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்திற் சேர்ந்தேன். 1997இல் இரண்டாவது பிள்ளை பிறந்தபின் விலகினேன். இரண்டொரு வருடங்களில் திரும்பிவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். 2001இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்ச் சிகிச்சை என மகரகமைக்கு அலைந்தே காலம் கழிந்தது. 2004இன் தொடக்கத்தில் வேறொரு பத்திரிகையில் வேலை கிடைத்தது. பதின்மூன்று ஆண்டு அனுபவம் கொண்ட எனக்கு, புதிதாகச் சேர்பவருக்குரிய சம்பளமே தரப்பட்டது. “இடையில் ஏழு வருடம் சும்மா இருந்திருக்கிறீர்களே” என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அந்த ஏழு ஆண்டுகளில் நான் இழந்தவை எவை என்பதைப் பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். நான் விலகும்போது பத்திரிகைத் தாள் துண்டுகளில் கையால் எழுதிக் கொடுப்போம். தட்டெழுதுவதற்கு வேறு ஆட்கள் இருந்தனர். திரும்பி வந்தபோது எல்லோரும் பாமினி எழுத்துருவில் தாமே தட்டிக்கொண்டிருந்தார்கள். மின்னஞ்சலில் செய்தி வந்தது. பக்கம் கணினித் திரையில் அமைந்தது. இவற்றைப் பழக எனக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. இழந்தது அவ்வளவுதான்.

இழக்காதது எது என்பது அவ்வாண்டின் இறுதியில் தெரிந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. கடல் ஊருக்குள் புகுந்த செய்திகள் கிழக்கிலிருந்து துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தன. ‘நாவலடி’ என்று ஒரு குறிப்பு வந்தது. மட்டக்களப்பு நகருக்கு அருகே கடலோரத்தில் ஒரு நாவலடி. வாழைச்சேனைப் பக்கத்தில், கடலை விட்டு உள்ளே தள்ளி, நாவலடிச் சந்தி. எது அழிந்தது, எது தப்பியது என்பதை அங்கு உறவினர் உள்ள ஒருவர் மறுநாட் காலைப் பத்திரிகையைப் பார்த்துத்தான் அறியப்போகிறார். இவ்வேறுபாட்டைக் கண்டு மறுபடி விசாரிக்கச் சொல்லும் அறிவு கணினியில் இருக்கவில்லை. பிள்ளைக்குச் சோறூட்டிய ஏழு ஆண்டுகளிலும் அது என்னை விட்டுப் போகவுமில்லை. கருவி பழக வாரங்கள் போதும். தொழில் பழக ஆண்டுகள் வேண்டும். சம்பளம் தீர்மானிப்போர் இதனைத் தலைகீழாக எண்ணுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்காக இடைநின்றேன் என்று சொன்னால் ஒரு புன்னகையாவது கிடைக்கும். நோய்க்காக என்றால் எதிரே இருப்பவரின் பேனா நின்றுவிடும். ‘மறுபடி வருமோ? அடிக்கடி லீவு கேட்பாரோ?’ என்ற கேள்விகள் முகத்திலேயே தெரியும். ஆகவே பெண்கள் பலர் நோயை மறைத்துப் பிள்ளையை மட்டும் சொல்கிறார்கள். வேலை கிடைத்தபின் கிளினிக் நாட்களுக்குப் பொய்க் காரணம் தேட வேண்டியதாகிறது. இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. சிகிச்சை முடிந்து வாழ்வோர் நம் காரியாலயங்களில் இருக்கிறார்கள். வாய் திறவாமல் இருக்கிறார்கள்.

நமது சட்டங்கள் இவ்விடயத்தில் எங்கே நிற்கின்றன? 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின், எத்தனையாவது பிள்ளையாயினும் தனியார் துறைத் தாய்க்கு 84 நாள் விடுமுறை உண்டு. அது வரவேற்கத்தக்கது. ஆனால் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் சுகவீனத்துக்கென்று தனி விடுமுறை இல்லை. சொந்த அலுவலுக்கும் நோய்க்கும் சேர்த்தே ஆண்டுக்கு 7 நாட்கள். மாதக்கணக்கில் மருந்தேற்றும் நோயாளி அந்த 7 நாட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ, திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. போகிறவளுக்குக் கதவு திறந்துவிட்ட சட்டம், வருகிறவளைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிக்கொடை பெற ஒரே தொழில் தருநரிடம் 5 ஆண்டுகள் நிறைவடைய வேண்டும். இடைநின்று வருபவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியவர்.

தொழில் தருநரின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சிறிய பத்திரிகைக் காரியாலயத்தில் ஒருவர் குறைந்தால் மற்றவர் தலையிற் சுமை ஏறும். இடைவிடாது உழைத்தவருக்கு முன்னே, திரும்பி வந்தவரை அமர்த்துவதும் நீதியன்று. அவ்வாறு நான் கேட்கவுமில்லை. விலகியபோது எந்தப் படியில் நின்றாரோ அந்தப் படியில் மீண்டும் நிற்க விடுங்கள் என்றே கேட்கிறேன்.

செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. முன்னைய அனுபவத்தைச் சம்பள நிர்ணயத்திற் கணக்கிடலாம். முதல் மூன்று மாதங்களுக்குக் குறைந்த நேர வேலையும் அதற்கேற்ற சம்பளமும் கொடுத்து, படிப்படியாக முழுநேரத்துக்குக் கொண்டுவரலாம். கிளினிக் நாளைச் சலுகையாகக் கருதாமல் ஒழுங்காகவே எழுதி வைக்கலாம். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல், வேலையிற் சேரும் முதல் நாளிலிருந்தே நெகிழ்வான வேலை நேரத்தைக் கோரும் உரிமை உண்டு. தொழில் தருநர் காரணங்காட்டி மறுக்கலாம். ஆயினும் கேட்பது குற்றமாகக் கருதப்படுவதில்லை. அங்கே வாழும் நம் உறவுகள் இதனை அறிவார்கள்.

இந்நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் மூன்றில் இருவருக்கு மேல். படித்த பெண்கள் எங்கே போனார்கள் என்று கருத்தரங்குகளில் வியப்போர், திரும்பி வந்தவர்களை எந்த நாற்காலியில் அமர்த்தினோம் என்பதையும் யோசிக்கட்டும்.

திரும்பிச் செல்ல விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் அந்த ஆண்டுகளை வெற்றிடமாக விடாதீர்கள். பிள்ளை வளர்த்தேன், நோய்வாய்ப்பட்டேன், தேறினேன் என்று ஆண்டுகளைக் குறிப்பிட்டே எழுதுங்கள். ‘சும்மா இருந்தேன்’ என்று மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள். அதை வைத்தே உங்கள் சம்பளத்தைக் கணக்கிடுவார்கள்.