கடலுக்கு முதுகு காட்டியவர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் ஏதாவதொரு கரையில் போய் நிற்கலாம். ஆனாலும் கனடாவிலிருந்து வந்த மச்சாளின் பிள்ளை, "சனம் இல்லாத நல்ல பீச் ஒண்டு சொல்லுங்கோ மாமா" என்று கேட்டால் எங்கள் வாயில் முதலில் வருவது காரைநகர்க் கசூரினாதான். இன்னும் நெருக்கிக் கேட்டால் வேலணைச் சாட்டி. அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. பிறகு அந்தப் பிள்ளையே கைபேசியைத் தட்டி, மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் ஒரு தேவாலயத்தின் சுவர்களைக் காட்டும். மணற்காட்டு அந்தோனியார் கோயில். பருத்தித்துறையிலிருந்து ஒரு எட்டில் போய்வரலாம். நாங்கள் போனதில்லை.

மணற்காட்டிலிருந்து தெற்கே குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று கரை சுண்டிக்குளம்வரை நீள்கிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மெல்லிய நிலம். சுண்டிக்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1938இல். 2015இல் அது தேசியப் பூங்காவானது. பரீட்சைக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்தவர்கள்தான் நாங்கள். ஒரு பூநாரையைக் கண்ணால் கண்டவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

கரைக்குப் போகாததற்கு எங்களிடம் ஒரு சாட்டு இருந்தது. அது பொய்ச் சாட்டும் இல்லை. 1990இல் போருக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடிய சனத்துக்கு அந்த ஊர்த் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். இடைப்பட்ட காலத்தில் மீன்பிடித் தடை, முட்கம்பி, கண்ணிவெடி. அதற்கிடையில் 2004 டிசம்பர் 26, சுனாமி. மேலே சொன்ன ஊர்கள் கிடக்கும் வடமராட்சிக் கிழக்கில் குடும்பம் குடும்பமாகக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கடற்கரை என்றாலே வீட்டில் அம்மாமார் நெஞ்சில் கைவைத்தார்கள். ஆனால் அந்த ஊர்களில் உயிர் தப்பியவர்கள் அதே கரைக்குத் திரும்பிப்போய் வள்ளம் இறக்கினார்கள். பயத்தைச் சொல்லிக்கொண்டு வராமல் இருந்தவர்கள், கடலில் எதையுமே இழக்காத எங்களைப் போன்றவர்கள். போர் முடிந்து பாதை திறந்தபின்னும் அந்தச் சாட்டை நாங்கள் கைவிடவில்லை. வசதியாக இருந்தது.

போருக்கு முன்னும் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தோட்டம், பள்ளிக்கூடம், உத்தியோகம் என்று எங்கள் பார்வை முழுக்க உள்நாட்டுப் பக்கமாகவே இருந்தது. கடலை ஒரு சமூகத்தின் பாடு என்று எழுதிவைத்தோம். அந்தச் சமூகத்தையும் முற்றத்துக்கு வெளியே நிறுத்தினோம். அவர்கள் பிடித்த மீன் மட்டும் குசினிவரை வந்தது. சோளகம் பெயர்ந்தால் எந்த மீன் மலியும், வாடைக்காற்றில் எது அகப்படாது என்பதெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதைப் பிடித்தவரின் பெயர் தெரியாது. இன்றைக்கு அதே கரைகளை 'அமைதியான, ஆளரவமற்ற இடம்' என்று படம் போட்டுச் சிலாகிக்கிறோம். அங்கே விடியப்புறம் நாற்பது ஐம்பது பேர் நின்று கரைவலை இழுத்தார்கள்; வெயில் ஏற வாடிக்குள் போய்விட்டார்கள். நாங்கள் போன நேரம் பதினொரு மணி.

நாங்கள் கரைக்குப் போகாத காலத்திலும் கரை எங்களிடம் வந்தது, ட்ராக்டரில். வெளிநாட்டுக் காசில் வீட்டுக்கு மாடி வைத்தபோது, மதில் கட்டியபோது, முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டபோது மணல் வேண்டியிருந்தது. இருட்டோடு கொண்டுவந்து படலையடியில் கொட்டிவிட்டுப் போவார்கள். விடிந்து கைவைத்துப் பார்த்தால் சிப்பித் துண்டு குத்தும். சிலவேளை அடம்பன் கொடியின் காய்ந்த வேர் முடிச்சு ஒன்று வெளியே வரும். "நல்லாக் கழுவிப்போட்டுக் குழைச்சாச் சரி அண்ணை, ஒண்டும் செய்யாது" என்பார் மேசன். நாங்கள் கேட்டது ஒரு லோட் எவ்வளவு என்பதைத்தான். எங்கே அள்ளியது என்று கேட்கவில்லை. அனுமதிப்பத்திரத்தைக் கேட்டால் விலை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணல் கடத்தலைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால், "பொலிஸ் என்ன செய்யுது?" என்று அதே மாடியில் கதிரை போட்டிருந்து கேட்போம்.

அந்த மணல்மேடு சும்மா கிடந்த குவியல் இல்லை. இராவணன் மீசையும் அடம்பனும் வேரோடி மணலைப் பிடித்துவைக்க, காற்று கொண்டுவந்தது மேலே சேர்ந்து சேர்ந்து உயர்ந்தது. மாரி மழை அதற்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. கடலுக்குக் கிட்டக் கிணறு வெட்டியும் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் வருவது அதனால்தான். சுனாமி வந்தபோது மேடு உயரமாக நின்ற இடங்களில் அலை மறிக்கப்பட்டதை இலங்கையின் பல கரைகளில் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த மேட்டைத்தான் சுமந்துவந்து சுவராக்கினோம். 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். குடாநாட்டின் தாகம் அந்தக் கரையிலிருந்து தீரவேண்டும் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நாங்கள் முழங்காத மேடை கிடையாது. மணலில் படர்ந்து ஊதாப்பூப் பூத்துக் கிடக்கும் அந்தக் கொடியை மிதித்துக்கொண்டு போனபோது, இதுதான் அது என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

குப்பைக் கதைக்கு வருவோம். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியபோது கொதித்தோம். கொதிக்கவேண்டிய விசயம்தான். ஆனால் கசூரினாவில் சவுக்கு மரங்களுக்குக் கீழே கிடக்கும் சோறு ஒட்டிய லஞ்ச் சீற்றை எந்தக் கப்பலும் கொண்டுவந்து போடவில்லை. பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும். கடைக்காரர் சுற்றித் தந்தார், வாங்கினோம். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல்தீர்த்தத்துக்கு மணல்மேடு ஏறி ஆயிரக்கணக்கில் போகிறோம். சுவாமி தீர்த்தமாடும்போது கைகூப்பிக் கண்ணீர்விடும் பக்திக்குக் குறைவில்லை. அன்று பின்னேரம் அந்த மணலில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தல்களையும் சொப்பிங் பைகளையும் பொறுக்குகிறவர்கள் யார் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பிரதேச சபை பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் இரண்டாவது பிரார்த்தனை.

இன்னொன்று. தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் நீந்தப் பழக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் காரைநகரில் கும்மாளமடித்துப் பழகியவர்கள், அதே நினைப்பில் வடமராட்சிக் கிழக்கின் திறந்த கடலில் இறங்குகிறார்கள். அங்கே சில அடிகளிலேயே நிலம் இறங்கும், வாடைக் காலத்தில் நீரோட்டம் இழுக்கும். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று வாடியில் இருப்பவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

தாளையடிப் பக்கம் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர், நாங்கள் கேட்காமலே சொன்னார். கோபம் எதுவும் இல்லை, கை வேலையைவிட்டு எழும்பவும் இல்லை. "வாங்கோ தம்பி, குளியுங்கோ, கடல் என்ன எங்கட சீதனமே? வலை காயப்போட்ட இடத்திலை வானை மட்டும் விடாதேங்கோ. போத்தில உடைக்காதேங்கோ. நாங்கள் வெறுங்காலோடதான் கரைவலை இழுக்கிறது." குனிந்து பார்த்தால் அவருடைய குதிக்காலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. எங்களில் ஒருவர் வானிலிருந்து இறக்கிய பியர்ப் பெட்டியை மெல்லத் திரும்ப ஏற்றினார். மற்றவர்கள் அதைக் காணாதமாதிரி நின்றோம்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் ஒருசில மாற்றங்கள் நடக்கின்றன, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூலைவீட்டுக்காரர் மதிலுக்கு மணல் பறிக்க முதல் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு, ட்ராக்டர்காரரிடம் நல்ல பேச்சு வாங்கினார். மணல் ஒரு கிழமை பிந்தித்தான் வந்தது, விலையும் கூட. மதில் இரண்டு வரி பதிவாகத்தான் நிற்கிறது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் நீந்தப் பழக ஆள் தேடினார்கள். கரையூரிலிருந்து வந்து பழக்கிய பொடியனுக்குச் சம்பளம் கொடுக்கும்போது, அவனைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணியும் கொடுத்தோம். இதை ஒரு சாதனையாக எழுதவேண்டியிருப்பது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வருகிற புரட்டாதியில் வல்லிபுரத்துக்கு இரண்டு வான் பிடித்திருக்கிறோம். சோறு வாழையிலையில் கட்டுவதென்றும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வானுக்கொரு உரப்பை ஏற்றுவதென்றும் முடிவு. உரப்பை மணக்கும், வரும்போது தன் காலடியில் வைக்க விடமாட்டேன் என்று பெரியம்மா இப்போதே சண்டை. அதைப் பின்சீற்றுக்குக் கீழே தள்ளலாமா, வான்கூரையில் கட்டலாமா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.